தோற்றவர் பேணிய சுவர்

சென்ற பகுதியில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையின் மதில்களும் அகழிகளும் விளக்கப்பட்டன. அக்கோட்டையின் கிழக்கு வாயிலைக் கடந்து தீவின் நடுப்பகுதியை நோக்கிச் செல்பவர் அடைவது, காப்பைக் கருதாமல் இன்பத்தைக் கருதிக் கட்டப்பட்ட வேறொரு கட்டடம் ஆகும். மைசூருக்கு வடகிழக்கே காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் அமைந்த இத்தீவு, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம் உடையது. அதன் மேற்கு முனையைக் கோட்டை நிறைத்துக்கொள்ள, எஞ்சிய பரப்பில் தோட்டங்களும் குடியிருப்புகளும் விரிந்திருந்தன. அத்தோட்டங்களுள் ஒன்றின் நடுவே, வடகிளையின் தென்கரையை ஒட்டி நிற்பதே திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத் பாக் ஆகும். பாரசீகத்தில் 'தரியா' என்பது கடலையும் பேராற்றையும் குறிக்கும். 'தௌலத்' என்பது செல்வம். 'பாக்' என்பது தோட்டம். ஆகவே இப்பெயரைக் 'கடலின் செல்வம்' என்று பொருள்கொள்வது வழக்கமாயினும், காவிரியின் கரையில் நின்று நோக்குபவருக்கு 'ஆற்றின் செல்வம்' என்னும் பொருளே பொருத்தமாகப் படும்.

இம்மாளிகை 1784-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐதர் அலி தொடங்கிய பணியை அவர் மகன் முடித்தார் என்ற கூற்றும் உண்டு. எவ்வாறாயினும், அந்த ஆண்டு மைசூர் வரலாற்றில் எத்தகையது என்பதை நினைவிற்கொள்ளாமல் இக்கட்டடத்தைப் புரிந்துகொள்ள இயலாது. 1780-இல் தொடங்கிய இரண்டாம் மைசூர்ப் போரின் நடுவே, 1782 டிசம்பரில், சித்தூருக்கு அருகே இருந்த பாசறையில் ஐதர் அலி காலமானார். போரைத் தொடர்ந்து நடத்திய திப்பு, 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கையின் வழியே ஆங்கிலக் கும்பனியோடு சமமான நிலையில் நின்று அமைதி செய்துகொண்டார். இந்திய அரசர் ஒருவர் கும்பனிக்குப் பணியாமல் போரை முடித்துக்கொண்ட அரிய தருணங்களுள் அது ஒன்று. தந்தையை இழந்து, பகைவனை நிறுத்திவைத்து, தலைநகருக்குத் திரும்பிய ஓர் அரசர் ஓய்வுக்கென ஒரு மாளிகையை முடித்தபோது அதன் சுவர்களில் எதை வரையச் சொன்னார் என்பதே இப்பகுதியின் முதன்மையான பொருள்.

அதற்கு முன் கட்டடத்தின் அமைப்பை நோக்க வேண்டும். சதுரமான தரைத்திட்டத்தில், சுமார் 1.5 மீட்டர் உயரமுள்ள மேடையின்மேல் மாளிகை எழும்புகிறது. நான்கு பக்கமும் அகன்ற தாழ்வாரம் சுற்றிவர, மேடையின் விளிம்பை ஒட்டி உயர்ந்த தேக்குமரத் தூண்கள் நிரையாக நின்று கூரையின் இறவாரத்தைத் தாங்குகின்றன. கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் முழுச் சுவர்களால் அடைக்கப்பட்டிருக்க, மற்ற இரு பக்கங்கள் தூண்களோடு உள்வாங்கிய மாடங்களாகத் திறந்து நிற்கின்றன. உள்ளே, கிழக்குத் தாழ்வாரத்தையும் மேற்குத் தாழ்வாரத்தையும் இணைக்கும் நடுக்கூடமும், அதன் நான்கு மூலைகளில் நான்கு அறைகளும் உள்ளன. அறைகளைப் பிரிக்கும் நான்கு சுவர்களுக்குள்ளேயே நான்கு படிக்கட்டுகள் கண்ணில் படாதவாறு மறைந்து மேல்தளத்துக்கு ஏறுகின்றன. படிக்கட்டைப் பெருமைக்குரிய உறுப்பாக முன்னிறுத்தும் ஐரோப்பிய அரண்மனைகளின் வழக்கத்துக்கு இது நேர்மாறானது; இங்கே ஏறுவதும் இறங்குவதும் அவையோர் பார்வைக்கு உரியனவல்ல. மேல்தளத்தில், சுவரிலிருந்து முன்னே நீண்டு கூடத்தை நோக்கும் முகப்பு மாடங்கள் உள்ளன. வடநாட்டில் 'ஜரோக்கா' எனப்படும் இவ்வகை மாடத்தில் அமர்ந்தே அரசர் கீழே நிற்பவர்க்குக் காட்சி தருவது முகலாயர் வழிவந்த அரசவை மரபாகும்.

தூண்களுக்கிடையே தெரியும் வளைவுகள் இக்கட்டடத்தைக் குறித்து எளிதில் தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடியவை. இதழ் இதழாக மடிந்து குவியும் அவ்வளைவுகளைக் கண்டவுடன், ஆக்ராவிலும் தில்லியிலும் உள்ள கல் வளைவுகளைப் போல அவையும் மேற்பாரத்தைத் தாங்குகின்றன என்று தோன்றும். உண்மையில் பாரம் முழுவதையும் ஏற்பது தூணின் தலையில் கிடைமட்டமாகக் கிடக்கும் உத்தரமே. வளைவு என்பது அவ்வுத்தரத்தின் அடியில் இரு தூண்களுக்கிடையே பொருத்தப்பட்ட மரவேலைப்பாடு மாத்திரமே. தூணும் உத்தரமும் கொண்டு கட்டுவது தென்னாட்டுத் தச்சரின் பழைய முறை. வளைவின் வடிவமோ முகலாய அரசவையிலிருந்து வந்தது. தம் கைக்குப் பழகிய முறையை விட்டுவிடாமல் அரசர் விரும்பிய தோற்றத்தையும் தந்த தச்சர்களின் திறமை, பெங்களூரில் 1791-இல் நிறைவுற்ற திப்புவின் மற்றொரு மரமாளிகையிலும் காணக்கிடைக்கிறது. ஆயினும் அளவின் அமைதியிலும், சுற்றியுள்ள தோட்டத்தோடும் ஆற்றோடும் கொண்ட இயைபிலும், ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகையே மேலானது என்று துணிந்து கூறலாம். பாதைகளால் நான்காகப் பகுக்கப்பட்ட சதுரத் தோட்டத்தின் நடுவில் மாளிகையை வைப்பது பாரசீக மரபு. ஆனால் ஆழ்ந்த தாழ்வாரத்தின் நிழலில் அமர்ந்து ஆற்றுக்காற்றை வாங்குவது இந்த மண்ணின் வெயில் கற்பித்த பாடமாகும்.

காவிரி திப்புவுக்குக் கண்ணுக்கினிய காட்சி மாத்திரமாக இருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுவது தகும். 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் பணியின்போது, அதே இடத்துக்கு அருகே ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திப்பு 1794-இல் அடிக்கல் நாட்டியதைக் கூறும் பாரசீகக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அக்கல்வெட்டு இன்றும் அணையின் வாயிலருகே நிறுவப்பட்டுள்ளது.

மாளிகையின் உள்ளேயும் வெளியேயும் வண்ணம் படாத இடம் அரிது. தூண், வளைவு, போதிகை, சுவர் என அனைத்தும் தீட்டப்பட்டுள்ளன. உட்சுவர்களில் மெல்லிய கொடிகளும் இலைகளும் பூக்களும் மீண்டும் மீண்டும் சுருண்டு படர்கின்றன. மரத்தாலான மேற்கூரையின் அடிப்பரப்பில் துணி ஒட்டப்பட்டு, அதன்மேல் பூவேலை தீட்டப்பட்டுள்ளது. உள்ளிருப்பவர் தலைக்குமேலும் ஒரு தோட்டத்தைக் காண வேண்டும் என்பதே நோக்கம் போலும். ஆனால் வெளிச்சுவர்களுக்கு வரும்போது கொடியும் பூவும் விலகி, மனிதரும் குதிரைகளும் யானைகளும் பீரங்கிகளும் நெருக்கியடித்து நிறைந்துவிடுகின்றன. மேற்குச் சுவரில், வாயிலின் ஒரு புறத்தில் ஐதர் அலியும் திப்புவும் தத்தம் படையோடு அணிவகுத்துச் செல்லும் காட்சியும், மறுபுறத்தில் ஒரு போரின் காட்சியும் உள்ளன. அந்தப் போர் கன்னட நாட்டில் நடந்ததன்று. காஞ்சிபுரத்துக்கு அருகே, தமிழ்நாட்டின் வயல்களில் நடந்தது.

ஆங்கில நூல்கள் 'பொல்லிலூர்' என்று எழுதும் அவ்வூர், தமிழில் புள்ளலூர் ஆகும். முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை அங்கே வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுவதால், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்பே போர்க்களமாக அறியப்பட்ட இடம் அது. 1780 ஜூலையில், 80,000-க்குக் குறையாதது என அக்காலத்தவர் கணித்த படையோடு ஐதர் அலி கணவாய்களின் வழியே ஆர்க்காட்டுச் சமவெளிக்குள் இறங்கினார். அவரை எதிர்க்க, பக்சார் போரில் வென்று புகழ்பெற்ற ஹெக்டர் மன்ரோ சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சென்றார். வடக்கே இருந்த கர்னல் வில்லியம் பெய்லி தம் படையோடு வந்து அவருடன் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பெய்லியோ, ஆகஸ்டு இறுதியில் கொற்றலை ஆற்றில் பெருக்கெடுத்த வெள்ளத்தால் கரையிலேயே சில நாட்கள் தடைபட்டு நின்றார். அந்த நாட்களே முடிவைத் தீர்மானித்தன என்று சொல்வது மிகையாகாது. ஆறு வடிந்து அவர் கடந்து வருவதற்குள், தந்தையால் அனுப்பப்பட்ட திப்பு வழிமறித்து நின்றார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்துக்கு அருகே ஒரு மோதல் நிகழ்ந்தது. மன்ரோ அனுப்பிய சிறு துணைப்படை வந்து சேர்ந்த பின்னும், செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் பெய்லியின் படை இரு புறத்திலிருந்தும் சூழப்பட்டு, வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்த பின் முற்றாக அழிந்தது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். அருகிலேயே இருந்தும் உதவிக்கு வந்து சேராத மன்ரோ, தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்திய மண்ணில் கும்பனிப் படை அதுவரை கண்டிராத தோல்வி அது.

சுவரில் இப்போர் எவ்வாறு காட்டப்பட்டுள்ளது? தொலைவிலுள்ளதைச் சிறிதாகவும் அருகிலுள்ளதைப் பெரிதாகவும் காட்டும் ஐரோப்பிய முறையை ஓவியர் கைக்கொள்ளவில்லை. போர்க்களம் முழுவதும் மேலிருந்து கீழாக விரித்து வைத்த பாய்போல் பரப்பப்பட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்குரிய இடத்தில் ஒரே தெளிவோடு தீட்டப்பட்டுள்ளது. நடுவே சிவப்புச் சட்டையணிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் சதுர வடிவில் அணிவகுத்து நான்கு புறமும் துப்பாக்கி நீட்டி நிற்க, இரு மருங்கிலிருந்தும் மைசூர்க் குதிரைப்படை அலையலையாகப் பாய்கிறது. வெட்டுண்ட தலைகள் உருள்கின்றன. வெடிமருந்து வண்டி தீப்பிழம்பாக மாறி நிற்கிறது. ஐதரிடம் பணிபுரிந்த பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கிக் கண்ணாடியில் அவ்வெடிப்பை நோக்குகிறார். சதுரத்தின் நடுவே, காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். வியப்பையும் செயலற்ற நிலையையும் காட்டுவதற்குப் பாரசீக ஓவியமரபு நெடுங்காலமாகக் கையாண்ட குறி இது. திப்புவோ இக்குழப்பத்தில் சிறிதும் கலங்காதவராய், தோட்டத்தில் உலவுபவர்போல் ஒரு பூவை முகர்ந்தபடி காணப்படுகிறார். வெற்றி என்பது வாளில் அன்று, அமைதியான முகத்தில் உள்ளது என்று ஓவியர் கருதினார் போலும். ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஒத்திருக்கும் ஆங்கில வீரர்களின் முகங்களுக்கிடையே, தனித்தன்மையோடு தீட்டப்பட்ட மைசூர்த் தலைவர்களின் முகங்கள் கண்ணைக் கவ்வுகின்றன.

இச்சுவர் வரலாற்றுச் சான்றாவது எந்த அளவுக்கு என்பதைக் கூறாமல் விடுவது முறையன்று. ஓர் அரசவை தன் வெற்றியை வரையும்போது தோல்வியை வரைவதில்லை. புள்ளலூருக்கு அடுத்த ஆண்டிலேயே, 1781 ஜூலை 1 அன்று பறங்கிப்பேட்டையில் ஐதர் அலி ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டிடம் தோற்றார். ஆகஸ்டு 27 அன்று அதே புள்ளலூருக்கு அருகில் இரண்டாம் முறையாக நிகழ்ந்த போரில் மைசூர்ப் படை களத்தைவிட்டு விலகியது. செப்டம்பரில் சோளிங்கரிலும் அதற்குப் பின்னடைவே நேர்ந்தது. இவற்றுள் எதற்கும் சுவரில் இடமில்லை. அதைவிடப் பெரிய விடுபாடு ஒன்று உண்டு. ஆர்க்காட்டுச் சமவெளியில் ஐதரின் குதிரைப்படை கொளுத்திய ஊர்களும், பயிர் செய்ய ஆளின்றிக் கிடந்த நிலங்களும், தொடர்ந்து சென்னைப் பகுதியை வாட்டிய பஞ்சமும் எந்த அரசரின் சுவரிலும் தீட்டப்படவில்லை. ஆங்கிலேயர் தீட்டிய போர் ஓவியங்களிலும் அவற்றைக் காண முடியாது. சுவரின் அழகில் தோயும் தமிழ் வாசகர், அக்குதிரைகளின் குளம்படியில் மிதிபட்டது எவருடைய வயல் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கிழக்குச் சுவர் வேறு இயல்புடையது. அங்கே ஐந்து வரிசைகளில் சமகால அரசர்களும் பாளையத் தலைவர்களும் தத்தம் அவையில் வீற்றிருக்கும் காட்சிகள் உள்ளன. தஞ்சை மன்னர், காசி மன்னர், பேஷ்வா பாலாஜி ராவ், மாகடி கெம்பே கௌடர், சித்திரதுர்க்கத்து மதகரி நாயகர் முதலியோர் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். மேற்கில் போர், கிழக்கில் அவை என்ற இப்பகுப்பு, மைசூர் அரசு தன்னை அரசர்களின் கூட்டத்தில் எவ்விடத்தில் நிறுத்திக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அதே வரிசையில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் இருக்கிறார் என்பது உற்றுநோக்கத் தக்கது. திப்பு வீழ்ந்த பின், 1799-இல், சிறுவனாக அரியணை ஏற்றப்பட்டவர் அவர். 1784-இல் அவர் பிறந்திருக்கவே இல்லை. ஆகவே இன்று காணப்படும் சுவர் திப்பு கண்ட சுவர் அப்படியே அன்று என்பதற்கு, சுவரே சான்று பகர்கிறது.

இந்த மாற்றம் நேர்ந்த வகை, மாளிகையின் வரலாற்றிலேயே வியப்புக்குரிய பகுதியாகும். 1792-இல் ஆங்கிலப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் தீவின் கிழக்குப் பகுதியைக் கைப்பற்றியபோது, திப்பு ஆசையோடு வளர்த்த லால் பாக் தோட்டத்தின் சைப்ரஸ் மரங்கள் முற்றுகைப் பணிகளுக்கு வேண்டிய கட்டைகளுக்காக வெட்டி வீழ்த்தப்பட்டன. 1799 மே 4 அன்று, கோடையில் வற்றிப் பாறைகள் தெரிந்த காவிரியைப் பட்டப்பகலில் கடந்து கோட்டையை ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பேர்டு. அவர் புள்ளலூரில் காயமுற்றுச் சிறைப்பட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை விலங்கிடப்பட்டுக் கிடந்தவர். கோட்டையைப் பிடித்தவர் அவராயினும், அடுத்த சில நாட்களிலேயே நகரத்தின் பொறுப்பு தலைமை ஆளுநரின் தம்பியான ஆர்தர் வெல்லஸ்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. வெல்லஸ்லி தங்குவதற்குத் தெரிந்தெடுத்த வீடு தரியா தௌலத். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அத்தளபதி, தம் படையினத்தார் வெட்டுண்டு விழும் காட்சியைத் தீட்டிய தாழ்வாரத்தைத் தம் வாழ்விடமாகக் கொண்டது மாத்திரமன்றி, முற்றுகைக்கு முன்பே சிதைவுற்றிருந்த அவ்வோவியங்களைத் திருத்தி அமைக்கவும் செய்தார். பின்னர் அவை மீண்டும் மங்கிப்போக, 1855-ஐ ஒட்டி, தலைமை ஆளுநர் டல்ஹவுசியின் கட்டளைப்படி, பழைய ஓவியங்களை நினைவில் வைத்திருந்த ஓர் இந்திய ஓவியரைக் கொண்டு மறுபடியும் தீட்டப்பட்டன.

தோற்றவர்கள் தம் தோல்வியின் சித்திரத்தை இரு முறை புதுப்பித்தது ஏன் என்னும் கேள்விக்குப் பெருந்தன்மை என்று விடை கூறுவது போதாது. 1799-க்குப் பின் புள்ளலூர் அவர்களுக்கு அஞ்சத்தக்க நினைவாக இல்லை. இறுதியில் வென்றவர் தாமே என்ற உறுதி, தொடக்கத்துத் தோல்வியைத் தம் கதையின் முன்னுரையாக மாற்றிக்கொள்ள இடந்தந்தது. பகைவன் எத்துணை வல்லவனாகக் காட்டப்படுகிறானோ அத்துணைக்கு அவனை வீழ்த்தியவரின் புகழும் உயரும். சுவரைப் பேணியது கலைமீது கொண்ட அன்பு மாத்திரமாக இருந்திருப்பின், கோட்டைக்குள் இருந்த லால் மகாலுக்கும் அந்த அன்பு கிட்டியிருக்க வேண்டும். திப்பு அரசு புரிந்த அம்மாளிகையோ இடிக்கப்பட்டு, அதன் மரங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றின் ஒரு பகுதி மலையேற்றிக் கொண்டுபோகப்பட்டு, 1830-இல் உதகமண்டலத்தில் எழுந்த தூய ஸ்தேவான் ஆலயத்துக்குத் தூணும் உத்தரமும் ஆயிற்று. நீலகிரிக்குச் செல்லும் தமிழர்கள் அந்த ஆலயத்தின் உள்ளே நிமிர்ந்து நோக்கினால் காண்பது, காவிரித் தீவின் அரண்மனை ஒன்றில் நின்ற தேக்கையே. ஆட்சி நடந்த அரண்மனை அழிய, ஓய்வெடுத்த மாளிகை பிழைத்தது. கோட்டைக்கு வெளியே இருந்ததாலும், வென்றவர் வாழ்வதற்கு உகந்ததாக அமைந்ததாலும் அது பிழைத்தது என்பதே நேரிய விளக்கமாகும்.

இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இம்மாளிகை, 1959 முதல் திப்பு சுல்தான் அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது. தோட்டத்தின் நடுவே நேராகச் செல்லும் பாதையில் வருபவருக்கு, தொலைவிலிருந்து தூண்களோ ஓவியங்களோ தெரிவதில்லை. தாழ்வாரம் முழுவதும் பச்சைத் திரைகள் தொங்கி, கட்டடத்தை ஒரு பெரிய கூடாரம்போல் மறைக்கின்றன. வெயிலும் மழைச்சாரலும் வண்ணத்தைத் தின்னாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பிற்பகல் வெயில் நேரே விழும் மேற்குச் சுவரில்தான் போர்க்காட்சி உள்ளது என்பதால், இத்திரைகள் இல்லாவிடில் சுவர் நெடுநாள் தாங்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருப்பினும், திரையைக் கடந்து உட்புகுந்ததும் மங்கிய ஒளியில் சிவப்பும் பச்சையும் பொன்னிறமும் ஒருங்கே எழும் கணம், அவ்வேமாற்றத்துக்கு ஈடுசெய்துவிடும். மேற்குச் சுவரை இடமிருந்து வலமாக ஒருமுறையும், பெய்லியின் பல்லக்கை நடுவாகக் கொண்டு சுற்றிச்சுற்றி மற்றொரு முறையும் பார்ப்பது நல்லது. முதல் பார்வைக்குக் கூட்டமாகத் தோன்றுவது, இரண்டாவதில் நிகழ்ச்சிகளாகப் பிரிந்துவிடும். உள்ளே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள ஓவியங்களில், கோட்டை வீழ்ந்த நாளை ஆங்கிலக் கண்கொண்டு காட்டும் ராபர்ட் கெர் போர்ட்டரின் காட்சியும் உண்டு. ஒரே கூரையின்கீழ் 1780-ஐ மைசூரின் தூரிகையும் 1799-ஐ இங்கிலாந்தின் தூரிகையும் எதிரெதிரே சொல்லுகின்றன.

மாளிகையைவிட்டு வெளியேறிக் கிழக்கே தீவின் மறுமுனையை நோக்கிச் சென்றால், ஐதர் அலியும் அவர் மனைவியும் திப்புவும் துயிலும் கும்பஸ் வரும். அடுத்த பகுதி அதைப் பற்றியது. அதற்கு அருகிலேயே ஒரு சிறிய நினைவு மண்டபம் இருக்கிறது. புள்ளலூரிலிருந்து கைதியாக இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1782 நவம்பரில் சிறையிலேயே மாண்ட வில்லியம் பெய்லிக்காக, லக்னோ அரசவையில் கும்பனியின் பிரதிநிதியாக இருந்த அவருடைய உறவினர் 1816-இல் எழுப்பியது அது.